கேட்காமல் வந்த பதிவேடு

ஜன்னலோரம் நீங்களே இருங்கள் சார். எனக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை. இந்தத் தடத்தில் முப்பத்துநாலு வருஷமாகப் போய் வருகிறேன். எந்த ஸ்டேஷனில் காப்பி குடிக்கலாம், எந்த ஸ்டேஷனில் குடிக்கக் கூடாது என்பது வரைக்கும் தெரியும்.

வக்கீல். பெயர் கோமதிநாயகம். கோவில்பட்டியில் ஏறினேன் என்பதற்காகக் கோவில்பட்டிக்காரன் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நான் இருக்கும் ஊர் வேறு. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். ஒரு நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். தொழில் புத்தி. தேவையில்லாததைச் சொல்லிவிட்டு, பிறகு அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

நீங்கள்? ஹெட்மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவரா. நினைத்தேன். மகள் வீடு தாம்பரத்திலா? நல்லது. நான் நாளைக் காலை பார் கவுன்சிலுக்குப் போக வேண்டும். என் மேல் ஒரு புகார். என் சன்னதை, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமையை, வைத்திருக்கலாமா பறிக்கலாமா என்று விசாரிக்கிறார்கள். போனால் அறுபத்திரண்டு வயதில் கறுப்புக் கோட்டைக் கொடியில் காயப்போட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான். வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியாது.

சொல்கிறேன். நீங்கள் எத்தனையோ பஞ்சாயத்தைத் தீர்த்திருப்பீர்கள். இதையும் கேளுங்கள்.

நான் கொலைக் கேஸ் எடுப்பதில்லை. விவாகரத்து, பாகப்பிரிவினை எடுப்பதில்லை. டாக்டர் மேல் கேஸ் போட்டால் டாக்டருக்கு ஆஜராவேன். இன்ஜினியர் மேல் போட்டால் இன்ஜினியருக்கு. ஆடிட்டர், பஞ்சாயத்து யூனியன், நகராட்சி. படித்தவன் கை தவறினாலும், சர்க்கார் கை தவறினாலும் என்னிடம்தான் வருவார்கள். எதிரே எப்போதும் ஒரு போட்டோ இருக்கும் சார். மாலை போட்ட போட்டோ. அதைக் கோர்ட்டுக்கே தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் போட்டோவைப் பார்ப்பதில்லை. காகிதத்தைத்தான் பார்ப்பேன். பாவம் பார்க்க அந்தப் பக்கம் ஆயிரம் வக்கீல் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் நின்று, 'சரி, அதை நிரூபி' என்று சொல்வதற்கும் ஒருவன் வேண்டும்.

ஒரு டாக்டர். வயிற்றுக்குள் பஞ்சை வைத்துத் தைத்துவிட்டார். ஏழு வருஷம் நடத்தினேன், ஜெயித்தேன். பஞ்சு இருந்தது நிஜம். ஆனால் அந்தம்மா நடுவில் இன்னொரு ஆஸ்பத்திரிக்கும் போயிருந்தாள். யார் வைத்த பஞ்சு என்று அவளால் நிரூபிக்க முடியவில்லை. இன்றைக்குக் கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால் அந்த டாக்டர் அடுத்த பந்திக்குப் போய்விடுகிறார். ஆபரேஷன் முடிந்ததும் கத்தியை யாரும் கும்பிட மாட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அவர் மகள் கல்யாணத்துக்குக்கூடப் பத்திரிகை வைக்கவில்லை. பரவாயில்லை.

என் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. கட்சிக்காரர் முதல் நாள் பை நிறையக் காகிதம் கொண்டு வருவார். பையை அவிழ்க்க விட மாட்டேன். 'நான் கேட்பதை மட்டும் கொண்டு வாருங்கள். கேட்காததைக் கொண்டு வராதீர்கள்' என்பேன். காரணம் இருக்கிறது. வக்கீல் பார்த்த காகிதம் வக்கீலைக் கட்டும். பார்க்காத காகிதம் கட்டாது. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் அனுபவம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நவம்பர் மாதம், அடைமழை. ரெடிமேட் கடையில் பில் போடும் ஒரு பெண், தங்கபுஷ்பம் என்று பெயர், சாயங்காலம் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகிறாள். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். சாக்கடை வாறுகால் எது, ரோடு எது என்று தெரியவில்லை. வாறுகால் மேல் இருக்க வேண்டிய சிமெண்ட் மூடி இல்லை. முன்சக்கரம் உள்ளே இறங்கி, ஓரக் கல்லில் தலை அடித்துவிட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாற்பத்தொரு வயது.

புருஷன் இசக்கிராஜ். லாரி புக்கிங் ஆபீஸ் கிளார்க். நகராட்சி மேல் கேஸ் போட்டான். 'மூடி இல்லை என்று மூன்று வாரத்துக்கு முன்பே நேரில் போய்ப் புகார் கொடுத்தேன்' என்று பிராதில் எழுதியிருந்தான். கேஸின் உயிர் அந்த ஒரு வரிதான். மூடி இல்லாதது நகராட்சிக்கு முன்பே தெரியும் என்றால் நகராட்சி மாட்டிக்கொள்ளும். தெரியாது என்றால் மழை, வெள்ளம், விதி. 'அப்படி ஒரு புகார் வரவே இல்லை' என்று நான் பதில் எழுதினேன். கமிஷனர் கையெழுத்துப் போட்டார். எழுதும்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாட்சி விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது உதவிப் பொறியாளர் என் ஆபீசுக்கு வந்தாள். பொற்செல்வி. அந்த வார்டு அவள் பொறுப்பு. கையில் நியூஸ்பேப்பர் சுற்றிய ஒரு பெரிய நோட்டு.

"சார், ரெஜிஸ்டர் கொண்டு வந்திருக்கேன்" என்றாள்.

"நான் கேட்டேனாம்மா?"

"கேக்கலை சார். ஆனா இதுல இருக்கு. அவர் வந்து எழுதினது இருக்கு. வாங்கிக்கிட்டேன்னு என் இனிஷியலும் இருக்கு. மூடி ஸ்டாக் இல்லன்னு தள்ளி வச்சேன். அப்புறம் மறந்துட்டேன் சார்."

சொல்லிக்கொண்டே நோட்டைப் பிரித்து மேசை மேல் வைத்துவிட்டாள். நான் மூடினேன். பிரித்ததற்கும் மூடியதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு இமைப்பொழுது. படிப்பது வேறு, கண்ணில் படுவது வேறு. கண்ணைத் திறந்து வைத்திருப்பது குற்றமா சார்?

"பொற்செல்வி, வேலையில சேந்து எத்தனை வருஷம்?" என்று கேட்டேன்.

"மூணு சார். இப்பதான் பெர்மனென்ட் ஆச்சு."

"வீட்டுல?"

"அம்மா. தம்பி படிக்கான்."

"அப்ப இதை எடுத்துட்டுப் போ. எங்க இருந்துச்சோ அங்கயே வை. கிழிக்காத, ஒளிக்காத. இருந்த இடத்துல இருக்கட்டும். அவங்க வக்கீல் மனுப் போட்டுக் கேட்டா கோர்ட்ல கொடுப்போம். அவர் கேக்கலைன்னா நாமளா போய்க் கொடுக்கணும்னு ஒண்ணுமில்ல."

"பொய்யாயிராதா சார்?"

"உன்னை யாரும் கூண்டுல ஏத்தப் போறதில்ல. நீ ஏன் பொய்யப் பத்திக் கவலைப்படுத?"

எவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள். பெற்ற தகப்பன்கூட இவ்வளவு சொல்ல மாட்டான். திரும்ப நியூஸ்பேப்பரைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். படியிறங்கும்போது செருப்பைக்கூட மாட்டவில்லை, கையில் எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தப் பக்கத்து வக்கீல் சின்னப் பையன். மனுப் போட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அதற்கும் நானா பொறுப்பு?

இசக்கிராஜ் கூண்டில் ஏறினான். வெள்ளைச் சட்டை, புதிதாக இஸ்திரி போட்டது. நான் ஆரம்பித்தேன். என் குறுக்கு விசாரணையைக் கேட்க ஜூனியர்கள் வந்து உட்காருவார்கள் சார்.

"என்னைக்குப் புகார் கொடுத்தீங்க?"

"அக்டோபர் பதினேழு."

"ரசீது?"

"தரல சார். நோட்டுல எழுதச் சொன்னாங்க. எழுதினேன்."

"ரசீது இல்ல."

"இல்ல."

"பதினேழாம் தேதி காலைல பதினொன்றரை மணிக்கு நீங்க நகராட்சியில இருந்ததாச் சொல்றது பொய். அன்னைக்கு முழுநாளும் வேலை பாத்ததா உங்க ஆபீஸ் வருகைப் பதிவேடு சொல்லுது."

"பர்மிஷன் கேட்டுட்டுப் போனேன் சார்."

"எழுத்துல இருக்கா?"

"வாய்வார்த்தைதான்."

"அதுவும் இல்ல."

கடைசியில் வழக்கமான வாக்கியத்தைப் போட்டேன். எல்லாக் கேசிலும் போடுவோம். டைப்பிஸ்ட் நான் சொல்லி முடிக்கும் முன்பே, சாட்சியே சொன்ன மாதிரி அடித்துவிடுவாள். 'நான் புகார் எதுவும் கொடுக்கவில்லை என்றும், இழப்பீடு பெறும் நோக்கத்தில் பொய் சாட்சியம் அளிக்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல.' அவ்வளவுதான். பார்த்தால் வணக்கம் சொல்வது மாதிரி அது. அதில் கோபப்பட ஒன்றுமே இல்லை. அவன் கோபப்படவும் இல்லை. கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டான்: "நான் பொய் சொல்றேன்னு நிஜமாவே நினைக்கீங்களா சார்?"

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் ஜட்ஜ்.

கேஸ் தள்ளுபடி. 'புகார் அளித்ததை வாதி நிரூபிக்கவில்லை.' நகராட்சி ஆபீசில் லட்டு கொடுத்தார்கள். எல்லோரும் எடுத்தார்கள், பொற்செல்வி எடுக்கவில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. வேலை தப்பிய பெண் லட்டு எடுக்காவிட்டால் என்ன அர்த்தம்?

இசக்கிராஜ் சாட்சியத்தின் நகலை வாங்கிக்கொண்டு போனான். எட்டு மாதம் சார். எட்டு மாதமும் தினம் அதைப் படித்திருக்கிறான். சாப்பாட்டுக்கு முன்னால் படிப்பானாம், சாப்பிட்ட பின்னால் படிப்பானாம். அவன் அக்கா போய் அதைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினாளாம். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. எட்டாவது மாதம் ஒரு நாள் காலையில் என் ஆபீசுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் தேதிதான் சொன்னேன். நேரம் சொல்லல. பிராதுலயும் இல்ல. இதுல நீங்க பதினொன்றரைன்னு கேட்டிருக்கீங்க. உங்களுக்கு யார் சார் சொன்னா?"

நகலில் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தான்.

"ஊகம்" என்றேன். "காலை ஆபீஸ் நேரத்துல பாதி. எல்லாரும் அப்பதான் போவாங்க."

"பதினொன்றரைதான் சார். சுவர்க்கடிகாரத்தைப் பாத்து நோட்டுல நேரம் போட்டேன். போடச் சொன்னாங்க." நகலை மடித்து எடுத்துக்கொண்டான். "சரி சார், வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

யோசித்துப் பாருங்கள். ஜட்ஜ் கவனிக்கவில்லை. அவனுடைய வக்கீல் கவனிக்கவில்லை. நானே கவனிக்கவில்லை. நேரத்தைச் சொல்லிக் கேட்டால்தான் சாட்சி தடுமாறுவான் என்பது பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது. ஒரு லாரி ஆபீஸ் கிளார்க் அதைக் கண்டுபிடிக்கிறான். அந்தப் புத்தியைத் தொழிலில் காட்டியிருந்தால் இந்நேரம் நாலு லாரி வாங்கியிருக்கலாம்.

என் ஆபீசிலிருந்து நேரே, புகாரை வாங்கிய பொற்செல்வியிடம் போயிருக்கிறான். மிரட்டவில்லை. நகலைக் காட்டி, 'பதினொன்றரைன்னு இவருக்கு எப்படிம்மா தெரியும்?' என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். அவள் அன்றைக்கே உட்கார்ந்து கமிஷனருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். புகார் வந்தது, நான்தான் வாங்கினேன், நான்தான் மறந்தேன் என்று. மறுவாரம் சஸ்பென்ஷன். நான் காப்பாற்றிக் கொடுத்த வேலையைத் தானாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாள். தம்பி படிக்கிறான், அம்மா இருக்கிறாள் என்று நான் யோசித்தேன், அவள் யோசிக்கவில்லை. இந்தக் காலத்தில் யாருக்கும் நல்லது செய்யக் கூடாது சார்.

அந்தக் கடிதத்தில் என்னைப் பற்றி ஒரே வரி. 'பதிவேட்டை வழக்கறிஞரிடம் கொண்டு சென்றேன். திரும்பக் கொண்டு வந்தேன்.' நான் என்ன சொன்னேன், படித்தேனா இல்லையா, ஒன்றும் கிடையாது. அதை இணைத்துத்தான் அவன் பார் கவுன்சிலுக்குப் புகார் கொடுத்தான். இசக்கிராஜ் கையெழுத்து நன்றாக இருக்கும் சார், முத்து முத்தாக, 'குழந்தைகள் நடமாடும் தெரு' என்று அடியில் கோடு போட்டு... இல்லை, அது புகாரோடு வந்த பதிவேட்டு நகலில் பார்த்தது. நகலில்தான் பார்த்தேன்.

நாளை அவள் சாட்சி சொல்ல வேண்டும். அவள் ஒரு வார்த்தையில்தான் என் சன்னது நிற்கிறது. 'படித்தார், தெரிந்தே பொய் என்று கேட்டார்' என்றால் நான் முடிந்தேன். 'படிக்கவில்லை, மூடிவிட்டார்' என்றால் பதினொன்றரை ஊகமாகிவிடும். ஊகம் குற்றமில்லை.

திருச்சி தாண்டிவிட்டதா? சார், ஒன்று சொல்கிறேன். தப்பாக நினைக்கக் கூடாது. அவள் இதே வண்டியில்தான் வருகிறாள். நாலாவது பெட்டி. கோவில்பட்டி பிளாட்பாரத்தில் பார்த்தேன். அவனும் கூட வருகிறான். அவள் பையையும் சேர்த்து அவன்தான் தூக்கிக்கொண்டு ஏறினான். அந்தக் கூத்தை என்னவென்று சொல்வது? மூடி போட மறந்தவள் அவள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் அவன். அவள் பையை அவன் சுமக்கிறான், என்னைப் பார்த்தால் மூஞ்சியைத் திருப்புகிறான்.

நீங்கள் ஒரு நடை போய் அவளிடம் பேச முடியுமா? மிரட்டச் சொல்லவில்லை. உங்களைப் பார்த்தாலே வாத்தியார் என்று தெரிகிறது. எழுந்து நின்று பேசுவாள். நான் போனால் சாட்சியைக் கலைப்பது. நீங்கள் போனால் ரயில் பயணி. 'சார் படிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடம்மா, உன் இலாகா விசாரணையில் அவர் பீஸ் இல்லாமல் உனக்காக நிற்பார்' என்று சொன்னால் போதும். இரண்டு பேருக்கும் நல்லது. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் பொய் சொல்லச் சொல்லவில்லை. இமைப்பொழுதைப் படித்தது என்பதா, படிக்கவில்லை என்பதா? எப்படியும் சொல்லலாம்.

போகிறீர்களா? சொல்வதை மட்டும் சொல்வேன், கெஞ்ச மாட்டேன் என்கிறீர்களா? சரி. அது போதும். பெட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாருங்கள், உட்காருங்கள். அரை மணி நேரமாயிற்று. விழுப்புரமே வந்துவிடும் போலிருக்கிறது. என்ன சொன்னாள்?

அவள் சொன்னதை அப்படியே சொல்லுங்கள் சார். ஹெட்மாஸ்டர் மாதிரித் திருத்தாமல்.

'என் பங்கை நான் எழுதிக் கொடுத்துட்டேன். சாரோட பங்கு சார்கிட்ட இருக்கு. நாளைக்கு முதல்ல அவரைக் கேக்கச் சொல்லிருவேன். படிக்கலைன்னு அவர் சொன்னா, ஆமா படிக்கலைன்னு சொல்லிருதேன். படிச்சேன்னு சொன்னா, ஆமா படிச்சாருன்னு சொல்லிருதேன்.'

இதைத்தான் சொன்னாளா? இதற்கு என்ன வேண்டுமாம்? ஒன்றும் வேண்டாம், இலாகா விசாரணைக்கு வக்கீலே வைக்கவில்லை என்றாளா. பக்கத்தில் அவன் என்ன செய்தான்? தடுக்கவில்லையா? என்னம்மா இப்படிச் சொல்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையா? புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தான், அவ்வளவுதானா?

இருங்கள். இதில் ஏதோ இருக்கிறது. யாரோ வக்கீல் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நான் படிக்கவில்லை என்று சொன்ன பிறகு வேறு ஏதாவது காகிதத்தை எடுத்து நீட்டுவாளோ? என்ன காகிதம் இருக்கிறது? ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும், ஒன்றும் இல்லை. அப்படியென்றால் நான் ஜெயித்துவிட்டேன். படிக்கவில்லை என்று சொல்ல வேண்டியது, அவள் தலையாட்ட வேண்டியது, மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.

நீங்கள் ஏன் சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்?

என்னை எதிர்த்து நிற்கும் சாட்சியை எனக்குத் தெரியும். அழுகிற சாட்சியைத் தெரியும், முறைக்கிற சாட்சியைத் தெரியும், காசு வாங்கிய சாட்சியை நடையை வைத்தே சொல்வேன். நான் எதைச் சொன்னாலும் ஆமாம் என்கிறவளை என்ன கேட்பது? முப்பத்துநாலு வருஷத்தில் என்னிடம் யாரும் கேள்வி கேட்டதில்லை சார். கேட்பது என் வேலை.

இதோ பாருங்கள், இந்த ஃபைல். நாளைக்குக் கொடுக்க வேண்டிய பதிலுரை. ஜூனியரிடம்கூடக் கொடுக்காமல் நானே உட்கார்ந்து டைப் அடித்தேன். பதினொரு பக்கம். அவள் எப்படியெல்லாம் பொய் சொல்வாள், ஒவ்வொரு பொய்யும் எங்கே உடையும் என்று பத்துப் பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தப் பத்தும் இனிமேல் எதற்கும் ஆகாது. மிச்சம் முதல் பக்கம். அதில் என் பெயர் இருக்கிறது, தகப்பனார் பெயர் இருக்கிறது, வயது, விலாசம் இருக்கிறது. அதற்குக் கீழே என் பதிலாக ஒன்றும் இல்லை.